மலையேறிய அரசும் வயலில் நின்ற குடிகளும்

ஆங்கிலேயர் வரைந்த பழைய இலங்கைப் படங்களில், கிழக்கு மாகாணத்தின் தென்மேற்கு எல்லையையடுத்து 'வெஸ்ட்மினிஸ்டர் அபே' என்றொரு பெயரைக் காணலாம். இலண்டன் மாநகரிலே அரசர்க்கு முடிசூட்டும் தேவாலயத்தின் பெயர் அது. அம்பாறையைக் கடந்து சியம்பலாண்டுவையை நோக்கிச் செல்லும் வழியில் சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் பெருங்கற்பாறை ஒன்று அவர்கள் கண்ணுக்குக் கோபுரங்கள் தாங்கிய தேவாலயமாகத் தோன்றியது போலும்! சிங்கள மக்கள் அதனைக் 'கோவிந்தகெல' என்பர். பாளி நூலாகிய சூளவம்சம் கூறும் கோவிந்தசேலம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. நாம் அதனைக் கோவிந்தமலை என்றே வழங்குவோம்.

பெயர்களைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். மட்டக்களப்புக்கு வடமேற்கே நிற்கும் மலையில் தமிழர் குடும்பியைக் கண்டு குடும்பிமலை என்றனர். சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரோ பிரபு ஒருவரின் தொப்பியைக் கண்டு 'பாரன்ஸ் கப்' என்று எழுதிவைத்தனர். எவரெவர் தலையில் எது இருந்ததோ அதுவே மலையின் தலையிலும் ஏறிற்று!

கோவிந்தமலை இன்றைய நிருவாகப் பிரிவின்படி ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் கிழக்கே விரியும் அம்பாறை மாவட்டமும் 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. எல்லைக்கோடுகள் கச்சேரி மேசைகளில் மாறும். மலைச்சரிவில் விழும் மாரிமழையோ பண்டுபோலவே ஓடைகளாகிக் கீழ்த்திசைக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றது. வாவிக்கரை வயல்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் வாவிக்கரையில் மட்டும் நின்றால் போதாது என்றெண்ணியே ஆசிரியர் சிலரும் மாணவர் சிலருமாக நாம் அம்மலையைக் காணச் சென்றோம்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது யாது? 1215ஆம் ஆண்டில் கலிங்க நாட்டவன் எனப்படும் மாகன் பெரும்படையுடன் வந்து பொலனறுவையைக் கைப்பற்றினான். அங்கு ஆண்டுகொண்டிருந்த பராக்கிரம பாண்டியனைச் சிறைப்பிடித்து அவனது கண்களைப் பறித்தான். விகாரைகளை இடித்தான், மக்களின் வீடுகளையும் வயல்களையும் பறித்துத் தன் படைவீரர்க்குக் கொடுத்தான், குடிமக்களை அடிமைபோல் வேலை வாங்கினான். இவ்வாறு 21 ஆண்டுகள் அவன் ஆண்டான் என்று சூளவம்சம் சொல்லும். அந்நாளில் சிங்களப் பிரதானிகள் சிலர் எளிதில் அணுகவொண்ணாத மலைகளைத் தேடிச் சென்று அங்கே நகரமைத்துத் தங்கினர். சுபன் என்னும் சேனாபதி சுபபர்வதம் எனப்படும் யாப்பகூவாவில் அரணமைத்தான். சங்கன் என்னும் சேனாபதி கங்காதோணியில் நிலைகொண்டான். உறுகுணை நாட்டிலே புவனேகபாகு என்னும் ஆதிபாதன், அதாவது இளவரசப் பட்டம் தாங்கியவன், கோவிந்தசேலத்தின் மேல் நகரொன்றைக் கட்டினான்.

கோவிந்தமலைக்கு எழுத்தில் உள்ள வரலாற்றின் முக்கியப் பகுதி இவ்வளவே. அரசன் ஒருவன், பாறை ஒன்று, நகர் ஒன்று. மூன்றும் ஒரு வாக்கியத்துள் அடங்கிவிட்டன. எஞ்சியதைப் பாறையினிடமே கேட்டறிதல் வேண்டும்.

மலை ஏறத்தாழ 1,800 அடி உயரமுடையது. அடிவாரத்துக் காட்டினூடே செல்லும் ஒற்றையடிப்பாதை சிறிது தூரத்தில் செங்குத்தாகிவிடுகின்றது. மேலே செல்லச் செல்லக் காடு குறைந்து கல் மிகுகின்றது. உச்சியில் மாட மாளிகையை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமே அடைவர். செங்கற்கட்டடங்களின் சிதைவுகளும் நீர் தேங்கும் பள்ளங்களுமே அங்கு எஞ்சியுள்ளன. எம்முடன் வந்த மாணவர் ஒருவர் "இவ்வளவுதானா அரண்மனை?" என்று வினவினார். மற்றொருவர் உடைந்த செங்கல்லொன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்கு மண் எங்கே எடுத்தார்கள்?" என்று கேட்டார். இரண்டாவது வினாவே எம்மை நெடுநேரம் அங்கு நிறுத்திவைத்தது.

செங்கல்லுக்குக் களிமண் வேண்டும். அதைக் குழைக்க நிறைய நீர் வேண்டும். சூளைக்கு விறகு வேண்டும். வழுக்குப் பாறையின் உச்சியிலே களிமண் ஏது? வானம் தந்த சுனைநீரை மேலே வாழ்பவர்கள் குடிப்பார்களேயன்றி மண் குழைக்க விடுவார்களா? ஆகவே கல் கீழேதான் அறுக்கப்பட்டது, கீழேதான் சுடப்பட்டது. பின்னர் மனிதர் தோளிலும் தலையிலும் ஏறியே அது உச்சியை அடைந்திருத்தல் வேண்டும். வெறுங்கையுடன் ஏறிய நாமே நான்கு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். இது கட்டடத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. மேலே இருந்த அரசனும் அவனது படையும் பரிவாரமும் ஒவ்வொரு நாளும் உண்ணல் வேண்டும். பாறையின் மேல் நெல் விளையாது. நெல்லும் உப்பும் எண்ணெயும் துணியும் கீழ்நாட்டிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும். பகைவன் ஏறவொண்ணாத மலை என்று சூளவம்சம் பெருமையோடு கூறுகின்றது. பகைவன் ஏறவில்லை, நெல்மூட்டை ஏறிற்று. அம்மூட்டையைச் சுமந்தவன் ஒவ்வொரு போகத்திலும் ஏறினான்.

மலைமேற் கோட்டை அரசின் வலிமைக்குச் சான்று என்றே பாடப்புத்தகங்கள் எமக்குக் கற்பித்து வந்துள்ளன. நாம் அவ்வாறு கருதவில்லை. இலங்கையின் வறண்ட வலயத்தில் அரசு என்பது குளத்தின் மேல் நின்றது. குளமும் வாய்க்காலும் வயலும் சமவெளியில் உள்ளவை. அவற்றைப் பேணி, விளைவில் பங்கு பெற்று, அப்பங்கைக் கொண்டு விகாரையும் படையும் நடத்தியவரையில் அரசனுக்கு மலை வேண்டியிருக்கவில்லை. அனுராதபுரமும் பொலனறுவையும் சமவெளி நகரங்களே. குளங்களின் மீது பிடி தளர்ந்தபோது, அல்லது குடிமக்களின் நம்பிக்கையை இழந்தபோதுதான் அரசர் பாறைகளைத் தேடினர்.

இதற்குச் சிகிரியாவே தலையாய சான்று. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்னும் மன்னன் கலாவெவ என்னும் பெருங்குளத்தைக் கட்டினான். அவனது மகன் காசியப்பன் தந்தையைச் சிறையிலிட்டு, ஒளித்து வைத்திருக்கும் செல்வத்தைக் காட்டுமாறு நெருக்கினான். தாதுசேனன் கலாவெவக்குச் சென்று, நீரில் இறங்கிக் குளித்து, இதுவே என் செல்வம் அனைத்தும் என்று காட்டினானாம். அதன்பின் மகன் தந்தையைக் கொல்வித்தான் என்பது வரலாற்றுக் கதை. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், இந்தியாவுக்கு ஓடிய தம்பி முகலன் படையுடன் மீள்வான் என்று அஞ்சிச் சுற்றுப்புறத்தினின்றும் ஏறத்தாழ 600 அடி உயர்ந்து நிற்கும் சிகிரியாப் பாறையில் அரண்மனை கட்டினான். முகலன் வென்றதும் தலைநகர் மீண்டும் அனுராதபுரத்துக்கே சென்றது. பாறை பிக்குகளிடம் விடப்பட்டது. அரண்மனையின் ஆயுள் 18 ஆண்டு. தந்தையின் குளமோ பின்னர் பழுதுபட்டும் திருத்தப்பட்டும் இன்றும் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது.

சிகிரியாவின் ஓவியப் பெண்களைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. நாம் அங்கே போற்றுவது வேறொன்று. அப்பாறையின் பளிங்குச் சுவரில் அரசன் மறைந்து பல தலைமுறை கழித்து, பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையில், காண வந்தவர்கள் தங்கள் பாக்களைக் கீறிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான 685 பாக்களைப் படித்து 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். எழுதியோருள் பிரதானிகளும் பிக்குகளும் மட்டுமல்லர், பெண்களும் சாதாரண மனிதர்களும் உள்ளனர். அரசனுடைய சுவரை மக்கள் தங்கள் ஏடாக்கிக்கொண்டனர்! 1980களின் பிற்பகுதியில் சிகிரியாவின் சுற்றாடலை ஆராய்ந்தவர்கள் அரண்மனைக்கு நூற்றாண்டுகள் முந்திய இரும்பு உருக்கும் உலைக்களங்களை அலகொலவெவயில் வெளிக்கொணர்ந்தனர். காசியப்பன் வருமுன்னரே அந்நாட்டில் உலைக்கூடத் தொழிலாளர் இருந்தனர், ஊர்கள் இருந்தன. பாறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இவை எவர் கண்ணிலும் படவில்லை. கோவிந்தமலையின் அடிவாரத்துக்கும் அத்தகைய ஆராய்ச்சியொன்று வேண்டும்.

யாப்பகூவாவின் கதையும் வேறன்று. சுபன் அரணமைத்த அப்பாறையில் 1272ஆம் ஆண்டளவில் முதலாம் புவனேகபாகு மன்னன் தலைநகரை அமைத்தான். (கோவிந்தமலையில் இருந்த இளவரசன் வேறு, இவன் வேறு.) அழகிய படிக்கட்டும் சிங்க உருவங்களும் இன்றும் அங்குள்ளன. சீன நாட்டுப் பாண்டங்களும் நாணயங்களும் அங்கு கிடைத்துள்ளமையால் கடல் வாணிகத்தின் செல்வம் பாறைவரை ஏறியதை அறிகின்றோம். 12 ஆண்டுகளில் அதுவும் முடிந்தது. பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி வந்து, தந்ததாதுவையும் எடுத்துக்கொண்டு பாண்டிநாடு திரும்பினான்.

இனி மாகனின் மறுமுகத்தைப் பார்ப்போம். சூளவம்சத்தில் கொடுங்கோலனாக நிற்கும் இவனே மட்டக்களப்பு மான்மியத்தில் மாகோன் என்னும் பெயருடன் நீதி வகுத்த மன்னனாக வருகின்றான். 1962ஆம் ஆண்டில் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த அந்நூல், கோயில்களின் ஒழுங்கையும் குடிகளின் வரிசையையும் மாகோனுடைய ஆணையாகக் கூறுகின்றது. எந்தக் குடிக்கு எக்கோயிலில் எந்த முதன்மை, எவர் முன்னே நிற்பது, எவர் பணி செய்வது என்பன அதனுட் காணப்படும். ஒரே மனிதன், இரு நூல்கள். ஒன்று பிக்குகளின் கையெழுத்து. மற்றது கோயிலுரிமை பெற்ற குடிகளின் கையெழுத்து. விகாரைச் சொத்தை இழந்தவர்கள் அவனைப் பேய் என்றனர். வரிசை பெற்றவர்கள் அவனைத் தருமவான் என்றனர்.

இவ்விரண்டில் எதை நம்புவது என்று மாணவர் கேட்கின்றனர். தமிழர் நூலைத் தமிழனும் சிங்களவர் நூலைச் சிங்களவனும் நம்புவதே வழக்கமாகிவிட்டது. நாம் வேறொன்றைக் கேட்போம். வயலைப் பறிகொடுத்த உழவனைச் சூளவம்சம் ஒரு வரியில் நினைக்கின்றது. நினைத்தது மாகனைத் தூற்றுவதற்காக. அதே உழவன் புவனேகபாகுவின் மலைக்குக் கல் சுமந்ததைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மான்மியமோ சிறைக்குடிகளை நினைக்கின்றது. நினைத்தது அவர்கள் செய்யவேண்டிய ஊழியங்களை வரிசைப்படுத்துவதற்காக. பறையடிப்பவனும் துணி வெளுப்பவனும் அந்நூலுள் கடமைகளாக இருக்கின்றனர், மனிதர்களாக இல்லை. மாகோன் வகுத்தது என்ற ஒரு சொல்லால் எத்தனை தலைமுறை மனிதர் கோயில் வெளிவீதியில் நிறுத்தப்பட்டனர் என்பதை எண்ணிப் பார்த்தால், பழைய ஏடு என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் மனப்பான்மை எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். இதைச் சொல்வதால் மான்மியத்தை நாம் ஒதுக்கிவிடவில்லை. தாய்வழிக் குடியமைப்பு, கோயில் நிருவாகம், நிலவுரிமை ஆகியவற்றை அறிய அந்நூல் அரிய கருவூலம். அக்குடியமைப்பைத் தமிழரேயன்றி இப்பிரதேசத்து முஸ்லிம்களும் தமதாகக் கொண்டுள்ளமை, ஏடுகள் மறைக்க முயன்றாலும் மறையாத ஒன்று.

இரு நூல்களும் கணக்கில் எடாத இன்னொரு மக்களும் உளர். இம்மலைகளின் முதல் உரிமையாளர் வேடர்களே. அரசர் அஞ்சி ஓடிவந்த காடு அவர்களுக்கு வீடு. 1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றிப் பெருநூல் எழுதியபோதே அவர்களுட் பலர் சிங்கள உழவராகவும் கீழைக்கரையில் தமிழ் பேசும் மீனவராகவும் மாறிக்கொண்டிருந்தனர். நம்மிடையே தூய இனப்பெருமை பேசுவோர் தம் பாட்டன்மாரின் பாட்டன்மாரைத் தேடிச் சென்றால் எத்தனைபேர் இக்காட்டு வாசலில் போய் நிற்பார்களோ!

அரசர் போனபின் ஆங்கிலேயர் வந்தனர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை 1832ஆம் ஆண்டில் ஒழித்தனர். மக்கள் தாமாகவே கூடிக் குளம் திருத்தும் பழைய ஒழுங்கும் அதனோடு சேர்ந்து தளர்ந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் சேனையையும் அரசுக்கு உரியதாக்கியது. காட்டில் வாழ்ந்தவனிடம் பத்திரம் ஏது? பின்னர் 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் இறக்காமம் முதலிய குளங்களைத் திருத்துவித்தார். வாவிக்கரையில் நெல் பெருகிற்று. நெல்லோடு போடியார்களும் பெருகினர். படுவான்கரை வட்டைகளில் சேற்றில் இறங்கிய முல்லைக்காரனுக்குக் களவெட்டியில் மிஞ்சியது கடன் கழிந்த பங்கே.

விடுதலைக்குப் பின் கல்லோயாத் திட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டில் தொடங்கி இங்கினியாகலவில் அணை கட்டினர். நிலமற்ற உழவர் நிலம் பெற்றனர். அதை எவரும் குறைகூற இயலாது. ஆயின் யார் எங்கே குடியேறுவது என்பதை வயலின் தேவை தீர்மானிக்கவில்லை, வாக்குக் கணக்குத் தீர்மானித்தது. தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அக்குடியேற்றத்தில் தமிழர் தாக்கிக் கொல்லப்பட்டனர். நீர் கொண்டுவந்த அணையின் நிழலிலே குருதி சிந்திற்று. நிலமற்ற உழவனுக்கு எதிராக இன்னொரு நிலமற்ற உழவனை நிறுத்தும் அரசியல் இந்நாட்டில் அங்கேதான் பயிற்சி பெற்றது என்பது எமது கருத்து.

இடிபாடுகள் இவ்வரசியலுக்கு இன்று கருவியாகிவிட்டன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்யச் சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவராக இருந்தார். தொடக்கத்தில் நியமிக்கப்பட்ட உறுப்பினருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இலர். மூன்று இனத்தவரும் பெருந்தொகையாக வாழும் மாகாணத்திலே அகழ்வாராய்ச்சிக்குப் படைத்துறையினர் எதற்கு என்று அறிஞர் பலர் கேட்டனர். உடைந்த செங்கல் ஒன்று கிடைத்தால் அது பௌத்தச் செங்கல், ஆகவே நிலம் சிங்களவருடையது என்று ஒருசாரார் வாதிடுகின்றனர். மறுசாரார் அதே செங்கல்லைச் சைவமாக்க முயல்கின்றனர். தமிழரும் பௌத்தராயிருந்த காலமொன்று உண்டு என்பதற்கு மணிமேகலை சான்று. செங்கல் மதம் பேசுவதில்லை. அதை அறுத்தவன் எம்மொழி பேசினான் என்பதும் கோவிந்தமலை உச்சியில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு பொருள் எவ்வாறு செய்யப்பட்டது, எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார் என்று ஆராய்வதே தொல்லியல். அப்பொருளைக் காட்டி அயலவனின் வயல்வேலியை நகர்த்துவது காணிக் கச்சேரி வேலை.

மலையுச்சியில் நின்று கிழக்கே நோக்கியபோது எம் கண்ணுக்குத் தெரிந்தவை காடும், காட்டிடையே வெள்ளித் தகடுகளாய்ச் சில குளங்களும், அவற்றையடுத்த பசுமையுமே. புவனேகபாகுவும் இவற்றையே பார்த்திருப்பான். பகைப்படை வருகின்றதா என்று பார்த்திருப்பான். எம்முடன் வந்த மாணவர்கள் தத்தம் ஊர்த்திசையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தனர்.

இறங்கி வந்தபோது அடிவாரத்துக் கொட்டில் ஒன்றின் முன் சிங்கள முதியவர் ஒருவர் மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். இளமையில் அறுவடைக் காலங்களில் அக்கரைப்பற்றுப் பக்கம் கூலிக்கு வந்து பழகிய தமிழ் அவரிடம் கொஞ்சம் இருந்தது. மலையில் என்ன கண்டீர்கள் என்று கேட்டார். செங்கல் கண்டோம் என்றோம். "புதையல் தேடுறவங்களும் வாறாங்க மாத்தயா, ராத்திரியில. அவங்களுக்கும் செங்கல்தான் கிடைக்கும்" என்று சிரித்தார். பிறகு நெல்லைப் பற்றிப் பேச்சுத் திரும்பிற்று. 2021ஆம் ஆண்டில் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோது தமது வயல் பாதிகூட விளையவில்லை என்றார். எம்முடன் வந்தவருள் படுவான்கரையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், தமது தந்தையின் வயலும் அவ்வாறே போயிற்று என்றார். உங்கள் பக்கத்தில் இம்முறை மூட்டை என்ன விலைக்குப் போனது என்று முதியவர் கேட்டார். ஆசிரியர் விலையைச் சொன்னார். முதியவர் செதுக்குவதை நிறுத்திவிட்டு, லொறிக்காரர் தம்மிடம் கொடுத்த விலையைச் சொன்னார். இருவரும் வெயில் சாயும்வரை உரத்தின் விலையையும் உழவு இயந்திரக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தனர்.